மேற்கே ஓடிய மூன்று ஆறுகள்

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் வரைந்த கேரளப் படம், கொச்சி மட்டாஞ்சேரி வீட்டுச் சமையலறையில் ஆட்டுக்கல்லுக்கு மேலே ஒட்டியிருந்தது. எழுபதுகளில், அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதிய வருஷம். அவளுக்கு நர்ஸ் படிப்புக்குப் போகவேண்டும். "இந்த வாட்டியும் தோத்தா கல்யாணம்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அக்கா உருப்போடாத நாளில்லை. ஆனால் காலையில் படித்தது மாலைக்குள் கரைந்துவிடும். படமாகப் பார்த்தால் மட்டும் மறக்காது. "நீ வரைஞ்சு தாடீ, அப்பறம் என் தலையிலேர்ந்து போகவே போகாது" என்பாள். எனக்குப் பன்னிரண்டு வயது. நன்றாக வரைகிறேன் என்ற கர்வம் வேறு. புத்தகப் படத்தைப் பார்த்து ஆறுகளை நீலத்தில் இழுத்தேன். அம்புக்குறிகளை மட்டும் நானாகப் போட்டேன், எல்லாம் மேற்கே, கடலைப் பார்த்து. எதிரே வைப்பின் தீவுக்குப் படகில் போகும்போதெல்லாம் தண்ணீர் கடலில் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆறு வேறெங்கே போகும்?

கபனி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே ஓடுகின்றன என்று அடுத்த பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. மாவாட்டிக்கொண்டே அக்கா அந்த வரியைத் தினமும் உரக்கப் படித்தாள். கண் மட்டும் சுவரில் இருந்தது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

பரீட்சை எழுதிவிட்டுச் சிரித்த முகத்துடன் வந்தாள். "ஆறுதான் கேட்டிருந்தான். கண்ண மூடினேன், உன் படம் அப்படியே வந்துது. எல்லாத்தையும் மேற்கே விட்டுட்டேன், கேட்டியா?" அப்போதுதான் புத்தகத்தைப் புரட்டினேன். படத்தைப் பிய்த்து விறகுக்குப் பின்னால் செருகினேன்; ஒருவரிடமும் சொல்லவில்லை. சமூகப் பாடத்தில் கொஞ்ச மார்க்கில் தோற்றுப்போனாள். தை மாதம் அவளை மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

எண்பதுகளில் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறைச் சுவரில், மகள் படிப்பதற்காக, நான் ஒளித்துவைத்த அதே தாள். மூன்று அம்புகள் மட்டும் சிவப்பு மையில் கிழக்கே திருத்தப்பட்டிருந்தன.

"பாக்கி எல்லாம் ஷரிதான்டீ" என்றாள், கடுகு தாளித்தபடியே. "பவானி இங்கே பின்னாடிதான் போறது. தெனமும் பாக்கறேன்."

எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதுதான் இன்றும் அறுக்கிறது.

அக்கா போய்விட்டாள். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. சிவப்பு அம்புகளை எத்தனை முறை பார்த்தாலும், கண்ணை மூடினால் ஆட்டுக்கல்லுக்கு மேலே இருந்த பழைய படம்தான் வருகிறது. அதில் எல்லா ஆறுகளும் மேற்கேதான் போகின்றன. கீழே உட்கார்ந்து, அக்கா சரியான வரியை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள்.