பெயின்ற் வாளிக்குள் வலக்கைகள்

கையுறை விற்கிறவளுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், கை மறக்காது. திருகோணமலைச் சந்தைக்குக் கிட்ட ஒரு ஹாட்வெயார் கடையில், ஆணிக்கும் கம்பிக்கும் பெயின்ற் தகரங்களுக்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது கையுறை மூலை. விறகுக்கு எது, முள்ளுக்கு எது, புல்லுப் பிடுங்க எது என்று நாள் முழுக்க நின்றபடி சொல்லுவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிப்போன என் இனத்தவரே, உங்களுக்கு இது புதுக்கதை இல்லை.

காஸ் இல்லாத காலம்

காஸ் சிலிண்டர் கிடைக்காமல் ஊரே விறகுக்கு மாறிய நேரம், கையில் ஒரு கீறல்கூட இல்லாத ஆட்கள் எல்லாம் என் மூலைக்கு வந்தார்கள். வங்கியில் வேலைசெய்கிற ஒருவர், வெள்ளை நூலில் நீல றப்பர்ப் புள்ளி வைத்த உறையை எடுத்தார். அது பெட்டி தூக்கத்தான் சரி, விறகென்றால் சிராய் ஏறும், நெருப்புக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாட்டுத்தோல் உறையைக் காட்டினேன். மணந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

அடுத்த கிழமை உறையோடு வந்தார். விரல் நுனிகள் கருகி, புள்ளிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அதைப் போட்டுக்கொண்டே கொள்ளிக்கட்டையை அடுப்புக்குள் தள்ளியிருக்கிறார். நான் சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். அவரோ பெரிய மனதோடு சொன்னார்: "உங்கட சாமானில பிழையில்லைத் தங்கச்சி. எங்கட வீட்டு அடுப்புத்தான் கொஞ்சம் கூடச் சூடு."

வேலையில்லாத கை

செல்வராசா அண்ணை சம்பூர் ஆள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து கனகாலம் அங்குமிங்கும் இருந்துவிட்டு, காணி திரும்பக் கிடைத்துப் போனபோது வீடு இருந்த இடத்தில் உடைமரம் நின்றது. அந்த முள்மரத்தை வெட்டி விறகாக்கி, நகரத்தில் பாண் சுடுகிற பேக்கரிப் போறணைக்கு விற்றுத்தான் அவரும் மனைவி ராணி அக்காவும் சீவித்தார்கள். வெட்டின இடத்தில் ஒரு மழைக்குத் திரும்பவும் தளிர்க்கும். அதனால் அவருக்கு விறகும் முடியவில்லை, கையுறையும் முடியவில்லை.

முள் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடக்கை கொப்பைப் பிடிக்கும், வலக்கை கத்தியை வீசும். கத்திக் கைக்கு உறை போட்டால் பிடி வழுக்கும் என்று அதை வெறுமனே விடுவார்கள். ஆகவே தேய்வதெல்லாம் இடது உறைதான். அண்ணை சோடியாக வாங்கி, கட்டியிருக்கிற நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இடதை மாட்டிக்கொண்டு வலதை என் மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். நான் அவற்றை ஒரு வெறும் பெயின்ற் வாளிக்குள் போட்டுவைத்தேன். வாளி நிரம்பத் தொடங்கியதும் எனக்குச் சினம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது கிடக்கட்டும் தங்கச்சி. வேணுமெண்டா வந்து கேக்கிறன், எங்க ஓடவா போகுது?"

நானா கொண்டுவந்த உறை

அண்ணையிடம் விறகு வாங்குகிற போறணைக்காரர் கிண்ணியாப் பக்கத்து ஆள். நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்குள் கால் வைத்தால் அவருடைய வாய் ஓயாது. ஒருநாள் காலையில் வந்ததும் வராததுமாக, விறகு லோட்டுக்குள் கிடந்ததென்று ஒரு இடக்கையுறையை என் முன்னால் வைத்தார். உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு ஒரு உடைமுள் நின்றது. உள்ளே துணி முழுக்க இரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. முள் ஏறியபிறகும் அண்ணை அந்த உறையோடுதான் விறகு முழுவதையும் ஏற்றியிருக்கிறார்.

கைநோவில் கத்துகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைப் பற்றிப் பயமில்லை. நானா மெதுவாகச் சொன்னார்: "'முள்ளு ஏறினது தெரியல்லியா'ண்டு கேட்டன் புள்ள. கையத் திருப்பிப் பாத்துட்டு, 'எப்ப ஏறின?'ண்டு என்னட்டயே கேக்காரு."

தோல்

அண்ணைக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. விரல்கள் விறைத்துப்போய்ப் பல மாதமாம், வாய் திறக்கவில்லை. அந்தக் காயம் ஆறுவதற்கே பெரும்பாடு பட்டது. இனியொரு காயம் வந்தால் இடக்கையைக் காப்பாற்ற ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராணி அக்கா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். கடையில் இருந்ததிலேயே நல்லதை எடுத்தேன்: தடித்த மாட்டுத்தோல், உள்ளங்கையில் இரட்டை மடிப்பு, முழங்கை வரை மறைக்கிற நீளம். தையல் எங்கேயும் விட்டிருக்கிறதோ என்று விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

அண்ணை போட்டுக்கொண்டு ஒரு மண்வெட்டிப் பிடியைப் பிடித்தார். பிடித்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை, குனிந்து கையைப் பார்த்தார். பிறகு கழற்றிவிட்டு வழக்கமான மெல்லிய உறையை எடுத்தார். அக்கா கெஞ்சினார். நானும் கெஞ்சினேன், வியாபாரத்துக்காக இல்லை. அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "ஏற்கெனவே விறைச்ச கை. இதையும் போட்டா எனக்குக் கை இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது."

வாளி

மாரி முடியமுன் அந்தக் கை போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று நானா வந்து சொன்னார். அன்று பின்னேரம் இடது உறை எதைத் தொட்டாலும் எனக்கு அழுகை வந்தது. முதலாளி என்னைப் பார்த்துவிட்டுப் பெயின்ற் பக்கம் போய்விட்டார்.

சில மாதம் கழித்து ராணி அக்கா தனியாக வந்து, நீளப் பிடி போட்ட காட்டுக்கத்தி ஒன்று வாங்கினார். பிறகு, "அந்த வாளி இருக்கோ?" என்று கேட்டார். எடுத்து வைத்தேன். அண்ணைக்கா என்று கேட்டேன்.

"ஓம். வீட்டில இருங்கோ எண்டா கேக்கிறாரில்லை. நான் ரெண்டு கையாலயும் கத்தியைப் பிடிச்சு வெட்டுறன். அவர் மற்றக் கையால கொப்பைப் பிடிப்பாராம்."

விறைப்பு அந்தக் கைக்கும் வந்துவிட்டதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை, அக்காவின் முகமே சொல்லியது. ஒரு தோல் சோடியின் நூலை அறுத்து, வலதை வாளியில் மேலாக வைத்தேன். அக்கா அதை எடுத்து, தன் கையை உள்ளே விட்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"பிடிக்கிற அவருக்கு நோகாது தங்கச்சி," என்றார். "வெட்டுற எனக்குத்தான் ஒவ்வொரு வெட்டுக்கும் நோகுது."

வாளியில் கிடந்த வலதெல்லாம் தேய்ந்து முடிந்தபின் அக்கா இப்போது சோடியாக வாங்கி வேண்டாததை என் மேசையில் விட்டுவிட்டுப் போகிறார், வாளியும் முந்திப்போலத்தான் நிறைகிறது, என்ன, இப்போது சேருவதெல்லாம் இடக்கை.