ஏரியம்மாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு

தமிழ்ச்செல்விக்கு எதையும் ஒருதரம் பார்த்தால் மனசு ஆறாது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். பஸ் ஏறி உட்கார்ந்தபின் வீட்டைப் பூட்டினோமா என்று நினைத்துக்கொள்வாள். கல்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை. ஊர், கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஓர் ஏரிக்கரை. அங்கே மகளிர் குழுவுக்கு அவளைத் தலைவியாகப் போட்டதில் ஆச்சரியமில்லை. ஊருக்காகக் கவலைப்பட ஒருத்தி இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா?

அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது ஒரு கல்.

நூறு நாள் வேலையில் ஏரியைத் தூர் வாரும்போது சரோஜாவின் கடப்பாறையில் 'டங்'கென்று ஏதோ தட்டுப்பட்டது. சேற்றைக் கழுவிப் பார்த்தால் எருமைத்தலை மேல் நிற்கும் ஒரு பெண். கையில் சங்கு, சக்கரம், வில். படித்தவர்கள் கொற்றவை என்றார்கள். ஊர்ப் பெண்கள் ஏரியம்மா என்று பேர் வைத்து வேப்பமரத்தடியில் மேடை கட்டி நிற்கவைத்தார்கள். அடுத்த ஆடியில் கூழும் ஊற்றியாயிற்று. அப்புறம் ஒருநாள் விடிந்து பார்த்தால், சிலை மேடையிலிருந்து பாதி இறங்கிச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் கயிறு. யாரோ தூக்கப் பார்த்து முடியாமல் ஓடியிருக்கிறார்கள்.

சென்னை அருங்காட்சியகத்திலிருந்து வந்து கேட்டபோது ஊரே கூடாது என்றது. தமிழ்ச்செல்வி மட்டும், "குடுத்துடலாம். அங்க வாட்ச்மேன் கீறாரு, கம்பி கீது. இங்க இன்னா கீது, நம்ம நாயிங்கதானே" என்றாள். அவள் பேச்சுதான் எடுபட்டது. லாரி வந்தது, அம்மன் போனாள்.

அன்றிலிருந்து ஊரில் எது நடந்தாலும் குற்றவாளி அவள்தான். மழை தள்ளிப்போனாலும், கல்யாணியின் ஆடு செத்தாலும், "அம்மன ஏத்தி வுட்டவள கேளு" என்பாள் சரோஜா. அந்த அக்கா வாய்க்கு ஊரே பயப்படும். தமிழ்ச்செல்வியோ பயப்படுவதற்கென்றே பிறந்தவள். ஒருவேளை நிஜமாகவே அம்மன் கோபமாக இருந்தால்? இருட்டு அறையில், கவனிப்பாரில்லாமல், தூசி படிந்து?

அதனால்தான் இந்த ஆடியில் அவளே கிளப்பினாள்: "எல்லாரும் ஒரு வேன் புடிச்சி போயி பாத்துட்டு வருவோம். நல்லா கீறாளா இல்லியான்னு நீங்களே பாத்துக்கோங்க. நல்லா இல்லன்னா நானே போயி மனு குடுத்துத் திருப்பிக் கொண்டாறேன்."

சரோஜா உடனே ஒப்புக்கொண்டது சந்தேகத்தைத்தான் தந்தது. "சரி. மூணாவது வெள்ளி. பொடவ நான் எடுக்கறேன்" என்றாள். பச்சையில் சிவப்புக் கரை போட்ட சேலை மறுநாளே வந்துவிட்டது.

தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் பார்த்தாள். செல்வராஜின் வேனில் டயரை உதைத்துப் பார்த்தாள். தண்ணீர் கேன், வாந்திக்கு எலுமிச்சம்பழம், வழியில் கோவளத்தில் இறங்கிக் கை கால் நனைக்க ஓர் இடம், எல்லாம் ஆயிற்று. மஸ்கட்டில் வேலை பார்க்கும் நாத்தனார் சுஜாதா அங்கிருந்தபடியே தன் பங்குக்குக் கவலைப்பட்டாள். குழுவில் மூத்தவளான பார்வதம் மாமிக்குச் சர்க்கரை மாத்திரை, எல்லாருக்கும் இளையவளான ஷாரோனுக்குத் தொப்பி என்று தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஷாரோன் தேவாலயத்துக்குப் போகிறவள். ஆனாலும் ஊர் கிளம்பினால் அவள் இல்லாமலா?

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சுஜாதா நேராகவே கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒக்காந்துகினு கீறியா, நின்னுகினு கீறியா?"

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. மொதல்ல ஒக்காரு. நெட்ல பாத்தேன். மியூசியம் வெள்ளிக்கிழம லீவாம்."

"எந்த வெள்ளிக்கிழம?"

"எல்லா வெள்ளியும். வார லீவு."

தமிழ்ச்செல்வி உட்கார்ந்துவிட்டாள். "ஆடி வெள்ளி கூடவா?"

"கவர்மென்ட்டுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது."

அடுப்பை இரண்டுதரம் தொட்டுப் பார்க்கிறவள், வேன் டயரை உதைத்துப் பார்த்தவள், இதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவேயில்லை. அம்மன் இருக்கிற இடத்தை வெள்ளிக்கிழமை பூட்டுவார்கள் என்று எந்தப் பெண்ணுக்குத்தான் தோன்றும்?

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கே போன் போட்டாள். எடுத்தவர் பொறுமைசாலி. ஆமாம்மா, வெள்ளி விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும். பூ வைக்கக் கூடாது. கற்பூரம் கூடவே கூடாது. சேலை சாத்தவும் முடியாது.

"சார், அங்க காத்து வருமா?"

"யாருக்கும்மா?"

"அம்மனுக்கு."

அவர், "பக்கத்துல ஜன்னல் இருக்கும்மா. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து நல்லா வரும்" என்றார். கேலியாகத் தெரியவில்லை.

சாயந்திரம் பெண்கள் தண்ணீர்த் தொட்டியருகே மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது நாலு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். கடைசியில் ஒரே மூச்சில் கொட்டினாள். வெள்ளி லீவு, பூ கூடாது, சேலை கூடாது.

கல்யாணி அரிசியைத் துழாவிய கையை எடுத்துக்கொண்டாள். எல்லார் முகமும் சரோஜா பக்கம் திரும்பியது.

"எல்லா வெள்ளியுமா லீவு?" என்றாள் சரோஜா.

"எல்லா வெள்ளியும்தான் அக்கா."

"அப்ப அன்னிக்கு அவளுக்கு வேல இல்ல."

"இன்னா வேலக்கா?"

"மீதி நாளெல்லாம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் நின்னுகினே கீறா இல்ல? வர்றவன் போறவன்லாம் பாக்கறான். அது வேல இல்லாம இன்னா?" சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் நாத்தனாருக்கும் அந்த ஊர்ல வெள்ளிதானே லீவு? லீவு வுட்டா அவ இன்னா பண்றா?"

"வூட்டுக்கு போன் பண்ணுவா. மதியம் வரிக்கும் வெக்க மாட்டா."

"அவ்ளோதான். நெனப்பெல்லாம் வூட்லதான் இருக்கும். இவளும் வேற எங்க போவா? லீவு வுட்ட ஒடனே நேரா வேப்பமரத்துக்குத்தான் வருவா. அவ வர்ற நேரத்துல நாம வேன் ஏறிப் போயி பூட்டின கதவ பாத்துகினு நின்னா நல்லாவா இருக்கும்?"

பார்வதம் மாமி வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணி சிரிக்கவில்லை. "அப்ப வாரா வாரம் வந்துகினுதான் இருந்திருக்கா. நாமதான் வெளக்கு ஏத்தாம வுட்டுட்டோம்" என்றாள் கல்யாணி, கொஞ்சம் குற்றவுணர்வோடு.

"அதுக்கும் செல்விதான் காரணம்" என்றாள் சரோஜா. ஆனால் இந்தமுறை எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. அரிசி மாவு பட்டுவிட்டது என்றாள். அரிசி இன்னும் இடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை வெறும் மேடையைக் கழுவி மஞ்சள் பூசி, பச்சைச் சேலையை மடித்து அதன்மேல் வைத்தார்கள். கூழ் ஊற்றும்போது சுஜாதாவின் வீடியோ கால் வந்தது. கையில் கரண்டி இருந்ததால் தமிழ்ச்செல்வி போனை மேடைமேல் சாய்த்து வைத்தாள்.

"இவளும் வந்துட்டாடி" என்றாள் சரோஜா. "ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்து."

ஞாயிறன்று ஷாரோன் தேவாலயம் போய் வந்ததும் வேன் கிளம்பியது. முட்டுக்காட்டு உப்பங்கழியைப் பார்த்ததும் ஷாரோன் படகில் ஏறவேண்டும் என்றாள். திரும்பி வரும்போது என்று அடக்கினார்கள். அருங்காட்சியகத்தில் எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். தேவையில்லை என்று காவலாளி சொல்லியும் கேட்கவில்லை.

ஏரியம்மா கடைசிக் கூடத்தில் இருந்தாள். முன்னே ஒரு கயிறு, மேலே மஞ்சள் வெளிச்சம். பக்கத்தில் நிஜமாகவே ஜன்னல். தமிழ்ச்செல்வி சிலையைப் பார்க்கவில்லை, சரோஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரோஜா கயிற்றோரமாக இந்தப் பக்கம் போனாள், அந்தப் பக்கம் போனாள். குனிந்து எருமைத்தலையைப் பார்த்தாள். ஏரிச்சேறு அப்பியிருந்த வில்லின் மடிப்பெல்லாம் இப்போது சுத்தமாக இருந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றில் அவள் முந்தானை அசைந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் தேறித்தான் கீறா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கல்யாணி தலையாட்டினாள். பார்வதம் மாமி உட்கார இடம் தேடினாள்.

திரும்பும்போது சரோஜா ஜன்னலோர இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். தமிழ்ச்செல்வி ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்க வா" என்றாள்.

முட்டுக்காடு தாண்டுமுன்பே தமிழ்ச்செல்வி தூங்கிவிட்டாள். வீட்டைப் பூட்டினோமா என்ற நினைப்பே வரவில்லை. படகுக்காக ஷாரோன் போட்ட சண்டைகூட அவளுக்குக் கேட்கவில்லை.