கம்மோடு வாங்கப் போய் முருகனோடு வந்தோம்

அம்மாவுக்கு முட்டி வலி. குத்தவைத்தால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் பாத்ரூமை இடித்து வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க ஒரு மாதமாகத் திட்டம் போட்டேன். கூலி, சிமெண்ட், கம்மோடு எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தில் முடியும்.

இன்று காலை வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் டைல்ஸ் கடைக்குப் போனோம்.

வாசல் சுவரில் பதிக்கிற பெரிய முருகன் டைல்ஸைப் பார்த்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

"இத எடுத்துக்கலாம்டா."

"யம்மா, நாம கக்கூஸ் கட்ட வந்தோம்."

"சாமி முன்னாடி என்ன பேச்சுடா பேசுற? காலேஜ பாதியில வுட்டவன் எனக்குக் கணக்கு சொல்றான்!"

கடைக்காரரைப் பார்த்தேன்.

"அம்மா மனசு வச்சுட்டாங்க தம்பி. சாமிய வேணாம்னு சொல்லக்கூடாதுங்க" என்று பில் போட்டுவிட்டார்.

கம்மோடு காசு முருகனுக்குப் போனது.

பஸ்ஸில் கேட்டேன். "அப்ப முட்டி வலி?"

"அத அவன் பாத்துக்குவான்."

சாயங்காலம், பிடித்து எழுந்திருக்க பாத்ரூம் ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டச் சொன்னாள். கட்டிக் கொடுத்தேன்.

முருகனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கம்மோடு கேட்கிற தைரியம் உங்களில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். பஸ் செலவு என்னுடையது.