கடைசி பெஞ்சில் மாமா

என் அக்காவுக்குப் பொறாமை வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரமும் சும்மா இருக்கவில்லை.

அக்கா ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவள் கணவர், அதாவது என் மாமா, அதே பள்ளியில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர். நான் அங்கேயே ஆபீஸில் எழுத்தர். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதால், சண்டையின் முதல் பாதியைப் பள்ளியிலும் மறு பாதியை வீட்டிலும் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில், யாருக்கும் வேண்டாத வகுப்பைப் புதிதாக வருபவர் தலையில்தான் கட்டுவார்கள். முதல் நாளே சாக்பீஸைக் கையில் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். பிள்ளைகள் தண்ணி காட்டினார்கள். பாத்ரூமில் அழுது முகம் கழுவிக்கொண்டு அடுத்த பீரியடுக்குப் போவாள். மாமா அப்போதே அங்கே சீனியர், கல்யாணமும் ஆகியிருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்பதற்கு மேல் அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருடம் ஓர் அரசாணை வந்தது. புதிய ஆசிரியருக்கு முதல் வருடம் பீரியடுகள் குறைவு, கூடவே ஒரு வழிகாட்டி ஆசிரியர். வழிகாட்டி வாரம் ஒருமுறை அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, நன்றாக இருப்பதையும் திருத்த வேண்டியதையும் சொல்ல வேண்டும். நல்ல ஆணைதான், குறை சொல்ல மாட்டேன். பின்னாலேயே மீசை சரியாக முளைக்காத ஒரு கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். மாமாவை அவருக்கு வழிகாட்டியாகப் போட்டார்கள்.

பிறகு வீட்டில் எந்நேரமும் அந்தப் பையன் புராணம்தான். அவன் எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் மாமா விளக்குவார். அவனுக்குத் தொண்டை கட்டியபோது பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனார். அன்று ஒரு கரண்டி சுவரில் போய் மோதியது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள்; எங்கள் மாமாவுக்கு அது அச்சுப் பிசகாமல் பொருந்தும்.

அக்கா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "வயிறு எரியுதுடி. அந்தப் பையன் நல்லா இருக்கட்டும், வேணாங்கல. ஆனா என் கிளாஸ் பக்கம் இவர் ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்காரா? நான் நடத்துறது நல்லா இருக்கா இல்லையான்னுகூட எனக்கு யாரும் சொன்னதில்ல."

அந்த ஆணையில் இன்னொன்றும் இருந்தது. புதியவர் அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பை வழிகாட்டியோடு போய்ப் பார்க்க வேண்டும். பையன் கேட்டது அக்காவின் வகுப்பை. எனக்கு வேறு வேலை இல்லையா என்று கரித்துக் கொட்டியவள், கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை பாடம் நடத்திப் பார்த்தாள்.

ஏதோ கையெழுத்து வாங்கும் சாக்கில் நானும் வாசலில் நின்றேன். கடைசி பெஞ்சில் மாமா, பக்கத்தில் பையன். பாடம் பின்னங்கள். ஒரு சிறுமி தப்பாகச் சொன்ன விடையையே பிடித்துக்கொண்டு, அவள் வாயாலேயே சரியானதை வரவழைத்தாள் அக்கா. பையன் வாயைப் பிளந்து பார்த்தான். நடுவில் ஜன்னல் வரிசையில் ஒருத்தி பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தாள். அக்கா அவளை எழுப்பி நிற்க வைத்தாள். காப்பியடிப்பது அக்காவுக்கு ஆகவே ஆகாது. எந்த வருடம் பார்த்தாலும் அந்த வரிசைப் பிள்ளைகள்தான் மோசம் என்பாள்.

மணி அடித்தது. பிள்ளைகளும் பையனும் போன பிறகு மாமா எழுந்து வந்தார். அந்தத் தப்பான விடையைக் கையாண்ட விதம் தனக்கே வராது என்றார். அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. மாமா அதோடு நிறுத்தவில்லை. வழிகாட்டி வேலை பழகிவிட்டதல்லவா, திருத்த வேண்டியதையும் சொன்னார்.

"எழுதும்போது போர்டை மறைச்சுக்கிட்டு நிக்கிற. ஜன்னல் வரிசைக்கு ஒண்ணுமே தெரியல. அதான் அந்தப் பசங்க பக்கத்து நோட்டைப் பாக்குறாங்க."

அக்கா போர்டைப் பார்த்தாள். ஜன்னல் வரிசையைப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் அங்கே எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருப்பாளோ.

"இதை முதல் வருஷமே வந்து சொல்லியிருக்கலாமே."

"நீ கூப்பிடலையே" என்றார் மாமா.

"அந்தப் பையன் கூப்பிட்டானா? கவர்மென்ட் சொல்லித்தானே போனீங்க."