ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ புகை

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்று மகள் சொன்னபோது நான் எதிர்பார்த்த காரணங்கள் வேறு. லீவு இல்லை, காசு இல்லை, அங்கே எவனையோ பிடித்துவிட்டாள். அவள் சொன்னதோ புகை. மான்செஸ்டரில் பருவநிலை பற்றிப் படித்து, அதிலேயே வேலையும் பார்க்கிறவள், இனிமேல் விமானமே ஏறுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாளாம். நான் சண்டைக்குப் போனதும் ஒரு இணையப் பக்கத்தை அனுப்பி, “நீங்களே போட்டுப் பாருங்கப்பா” என்றாள்.

போட்டேன். அதில் இரண்டே பெட்டி. எங்கிருந்து, எதுவரை. தட்டியதும் தூரம் வந்தது, நேரம் வந்தது, கடைசியில் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று புகை வந்தது, கிலோவில். எங்கள் மலையூர் லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் ஏற்றி சிங்கப்பூர் வரை லோரி ஓட்டுகிறவன் நான். எனக்குக் கிலோ என்றால் கோஸ்தான்.

“அடப்பாவி, ஒரு ஆளு குந்திகிட்டுப் போறதுக்கு இம்புட்டு லோடா?”

சத்தம் கேட்டு மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். கல்யாணத்துக்கு முன் கொழுந்து பறித்தவள். ஜன்னலுக்கு வெளியே எதிர்மலை முழுக்கத் தேயிலைதான்.

“இத்தனை செடி நிக்குதே, நம்ம புள்ளைக்காகக் கொஞ்சம் குடிச்சுக்காதா?”

மகளிடம் அதையும் கேட்டேன். “அதுங்க எப்பவும் குடிக்கிறதத்தான் குடிக்கும்பா” என்றாள்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. லோரியை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். என் புகையை மிச்சம் பிடித்து அவளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. கோஸ் காத்திருக்குமா? முதலாளி தவுக்கே, பக்கத்து ஊர் கம்போங் ராஜாவிலிருந்து வேறொரு லோரியை வரவழைத்தார். அது காலியாகவே வந்து என் லோடை ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டை வண்டி, பின்னாலே ஒரே கரும்புகை.

சொன்னதும் மகள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். “நான் வேணும்னேவாப்பா பண்றேன்?” என்றாள். அவள் சொல்வது பொய்யென்றால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். இந்த மலையில் மழை தாறுமாறாகப் போனதைத் தினமும் பார்க்கிற நான் எந்த வாயால் திட்டுவது? எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“நாம போனா என்னங்க?” என்றாள் மனைவி. இரண்டு பேருக்கென்று கணக்குப் போட்டதும் புகை இரட்டிப்பானது. பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று மகள் போனில் வந்தாள். “நீ வர வேணாம் லா, எங்களுக்கு என்ன கொறச்சல், நல்லாத்தான் இருக்கோம்” என்று சொல்லிப் போனை வைத்தாள் மனைவி. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, நான் செத்தா வருவாளான்னு அதுல போட்டுப் பாருங்களேன்.”

சும்மா சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் காத்திருந்தாள்.