பல் பட்ட பெல்

துபாயிலிருந்து வந்த அண்ணன், இறந்துபோன அப்பாவின் சைக்கிளைப் புதுசாக்கக் கிளம்பினான். பெயின்ட், மட்கார்டு, பெல் எல்லாம் வாங்கி வந்திருந்தான். பழைய பெல்லைக் கழற்றும்போது என் விரல் பட்டு அது ‘டொக்’ என்றது.

அந்தச் சத்தம் அண்ணனின் முன்பல் செய்த வேலை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நாலு பேரும் இதில்தான் போவோம். முன்கம்பியில் அண்ணன், பின்னால் அம்மா, அவள் மடியில் நான். அப்பாவின் சட்டையில் கஞ்சி மணக்கும். ஒருநாள் வாய்க்கால் ஓடும் சானல்கரை இறக்கத்தில் மாடு குறுக்கே வந்தது. அப்பா பிரேக் பிடிக்க, அண்ணனின் வாய் பெல்லில் இடித்தது. பல் போனது, பெல் நெளிந்தது. அவன் வாயைத் துடைத்துவிட்டு அப்பா பெல்லை அடித்துப் பார்த்தார்.

“மொதல்ல இவனுக்குப் பல்லு மொளைக்கட்டு. பொறவு பெல்ல மாத்துவோம்.”

அழுத அண்ணனே சிரித்துவிட்டான். பல் முளைத்தது. அப்பா பெல்லை மாற்றவேயில்லை.

“அண்ணே, இத மட்டும் விட்டுரு. ஒனக்க பல்லு பட்ட சத்தமாக்கும்” என்றேன்.

“துரு புடிச்ச சாமானுக்கு வக்கீலாலே நீ? இந்தா கேளு, இது ஒரு சத்தமா?” என்று அவன் இரண்டு முறை அடித்தான்.

“வந்தாச்சா? இன்னா வாறேன்” என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வாசல்வரை வந்தவள், எங்களைப் பார்த்து நின்றாள்.

“நீங்களாலே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் தளர்த்திய பெல்லின் திருகை அண்ணனே திரும்ப முறுக்கினான்.