தெளிய வைக்கும் தூள்

ஆப்பிள் சாறு ஆலையில் பதினோரு வருடமாக அவளுக்குச் சாற்றைத் தெளிய வைக்கும் வேலை. மாதிரிக் குழாயைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, "ஆச்சு" என்பாள். அதன் பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள்.

மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் இரண்டு பாட்டில் தங்கை வீட்டுக்குப் போகும். உயிர்களை வருத்தி வரும் எதையும் தங்கை தொடுவதில்லை, பாலும் தேனும்கூட. எந்தப் பொட்டலத்தையும் திருப்பிப் படிக்காமல் வாயில் வைக்காதவள், அக்கா கொண்டுவருவதை மட்டும் அப்படியே குடிப்பாள்.

சாற்றின் கலங்கலை அடியில் இறக்க ஒரு பொடி போடுவார்கள். ஆலையில் அதற்குப் பெயர் வெறும் 'தூள்'. அளந்து அளந்து கொட்டியவள் அது என்னவென்று கேட்டதே இல்லை. நாம் யாரும் கேட்பதில்லை. அதனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன், புகழவும் மாட்டேன். ஒரு வியாழக்கிழமை வேறு கம்பெனி மூட்டை வந்தது. மேலே அச்சடித்திருந்தது: மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின்.

நேரே மேற்பார்வையாளரிடம் போனாள்.

"பழைய மூட்டையும் இதுதானா சார்?"

"எல்லாம் இதுதாம்மா. சாறுல தங்காது. அழுக்கைப் புடிச்சிக்கிட்டு அடியில போயிடும். அதான் லேபிள்ல போடறதில்ல."

"எங்க போகுதுன்னு கேக்கல சார். எங்கேருந்து வந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். வினிகர் பிரிவில் இதே வேலைக்குக் களிமண் தூள் போடுவது அவளுக்குத் தெரியும். அதையே இங்கேயும் போடலாமா என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு டேங்க்ல எதையாவது போட்டாகணும். அதுக்குள்ள ஒரு வாளி தெளிய வச்சுக் காட்டு."

மணி ஒன்பதரை. முதல் வாளியில் அவசரமாகக் கொட்டியதில் மண் கட்டி கட்டியாக மிதந்தது. பாட்டில் கழுவும் பெண்கள் விடுவார்களா?

"அக்கா, சட்டி செய்யறதுன்னா சொல்லுங்க, அடுப்பு மூட்டறோம்."

"நெருப்பை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வெந்நீர் கொண்டாங்கடி."

வெந்நீரில் ஊறவிட்டு, கூழாகக் கரைத்து, அடுத்த வாளியில் ஊற்றினாள். பதினோரு மணிக்குக் குட்டைத் தண்ணீர் மாதிரி கலங்கல். ஒரு மணிக்கும் அதே. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. மூன்று மணிக்கு மேலே ஒரு விரல் அகலம் மட்டும் தெளிந்திருந்தது. பிறகு இரண்டு விரல். கிண்டல் செய்தவர்களெல்லாம் வாளியைச் சுற்றி நின்றார்கள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழாயில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். குழாய்க்கு அந்தப்பக்கம் மேற்பார்வையாளரின் மீசை முடிமுடியாகத் தெரிந்தது.

"ஆச்சு" என்றாள்.

"சரி, இந்த டேங்க்ல இதையே போடு" என்றார் அவர்.

சனிக்கிழமை, தங்கை மூடியைத் திருகும் முன் அக்கா அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வருடத்துச் சாற்றையும் சேர்த்து. தங்கை கையிலிருந்த பாட்டிலை நீட்டினாள்.

"இதுல?"

"மண்ணு மட்டும்தான். நானே கரைச்சேன்."

தங்கை பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, கலங்கலாவே கொண்டாந்திருந்தா நான் குடிச்சிருக்க மாட்டேனா? தெளிவா வேணும்னு யாரு கேட்டா?"

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷத்துல இது எனக்குத் தோணவே இல்லடி" என்றாள். "திங்கக்கிழமை முதல் வேலையா, கலங்கலாவே அடைக்கலாமான்னு சார்கிட்ட கேக்குறேன்."